எண்ணி வைத்தார்கள், எழுதி வைக்கவில்லை

பாரசீகப் பேரரசின் படையிலிருந்து பாஸ்ரா நினைவுச்சின்னம் வரை, அந்நியக் கொடியின் கீழ் நின்ற நம் வீரர்களின் பெயர்கள் எங்கே? செஞ்சி, விக்கிரவாண்டி, திண்டிவனம் வழியாக ஒரு தேடல்.

கி.மு. 480. இன்றைய கிரேக்க நாட்டின் வடகிழக்கு மூலையில் டோரிஸ்கஸ் என்ற கடலோரச் சமவெளி. கிரேக்கர்களை அடக்கப் புறப்பட்ட பாரசீகப் பேரரசர் செர்க்ஸஸ், தன் படையில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அதிகாரிகள் முதலில் பத்தாயிரம் பேரை எண்ணி, ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்கவைத்தார்கள். சுற்றிலும் கோடு போட்டார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கோட்டின் மேல் வயிற்றளவு உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அப்புறம் அந்த அடைப்பு நிறைய ஆட்களை உள்ளே விடுவது, வெளியேற்றுவது, மறுபடியும் நிறைப்பது. நெல்லை மரக்காலால் அளப்பது போல மொத்தப் படையையும் மனிதர்களாலேயே அளந்து முடித்தார்கள்.

அப்படி அளக்கப்பட்டவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் அவர்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். பருத்தி ஆடை உடுத்தியிருந்தார்கள். கையில் பிரம்பு வில். அம்பும் பிரம்புதான், முனையில் மட்டும் இரும்பு. காலாட்படை போகக் குதிரை வீரர்களும் தேர்களும் இருந்தன. இவர்களுக்குத் தளபதி பர்னசத்ரஸ் என்ற பாரசீகர். அவருடைய தந்தையின் பெயரையும் ஹெரோடோடஸ் மறக்காமல் குறிப்பிடுகிறார்.

இந்திய வீரர் ஒருவரின் பெயர்கூட அந்த நூலில் இல்லை. ஒவ்வோர் இனத்தாருக்கும் சொந்தத் தலைவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களின் பெயர்களை எழுத வேண்டிய தேவை எனக்கில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். மற்றப் படையினரைப் போல அவர்களும் அடிமைகளாகத்தான் வந்தார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். தலைவனுக்கே இந்தக் கதி என்றால், பிரம்பு வில்லோடு நடந்து வந்த சாதாரண வீரனை யார் கேட்கப் போகிறார்கள்?

விழுப்புரம் மாவட்டத்தின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி அல்ல. யார் யாருக்காகவோ நடந்த போர்களின் வழித்தடமாகப் பல நூற்றாண்டுகள் கிடந்த மண் இது.

சிந்துவிலிருந்து கிரேக்கம் வரை

செர்க்ஸஸின் படையில் நின்றவர்கள் தமிழர்கள் அல்லர். பாரசீகத்தின் ஆட்சி காந்தாரத்தையும் சிந்து நதிப் பகுதியையும் தாண்டித் தெற்கே வந்ததில்லை. செர்க்ஸஸின் தந்தை முதலாம் தரியஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் சிந்துப் பகுதியை வென்றார். அங்கிருந்து ஆண்டுதோறும் 360 தாலந்து பொன்துகள் திறையாகப் போனது என்கிறார் ஹெரோடோடஸ். பொன்னோடு ஆட்களும் போனார்கள்.

போனவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. செர்க்ஸஸ் தோற்று நாடு திரும்பியபோது, கிரேக்கத்தில் தங்கிப் போரைத் தொடர்ந்த தளபதி மர்தோனியஸ், தன்னோடு வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த படைகளில் இந்தியர்களும் இருந்தார்கள். கி.மு. 479இல் பிளாட்டியா போர்க்களத்தில் கிரேக்க நகரப் படைகளுக்கு எதிரே அவர்கள் அணிவகுத்து நின்றார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, கி.மு. 331இல், இன்றைய இராக்கின் வடபகுதியில் நடந்த காகமேலா போரில் அலெக்சாந்தரை எதிர்த்த பாரசீகப் படையிலும் இந்தியர்கள் உண்டு. சிந்துவின் மேற்குக் கரையைச் சேர்ந்தவர்கள் 15 யானைகளோடு வந்திருந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். யானைக்கும் எண் இருக்கிறது. பாகனுக்குப் பெயர் இல்லை.

ஈரானில் நக்ஷ்-இ-ருஸ்தம் என்ற இடத்தில் செங்குத்தான பாறையைக் குடைந்து தரியஸின் கல்லறையை அமைத்திருக்கிறார்கள். அதன் முகப்பில் அரசரின் பீடத்தைப் பல நாட்டு மனிதர்கள் கைகளால் தாங்கி நிற்கிறார்கள். இவன் பாரசீகன், இவன் காந்தாரத்தான், இவன் இந்தியன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு. எந்த நாட்டான் என்பது போதும், அதற்கு மேல் அவன் யார் என்பது வேண்டாம் என்று பேரரசு நினைத்தது.

பட்டான் கல்

தமிழகத்தின் வட மாவட்டங்களில் இதற்கு நேர் எதிரான வழக்கம் ஒன்று வேரூன்றியிருந்தது. செங்கம், தண்டராம்பட்டு, திருவண்ணாமலை தொடங்கி விழுப்புரம், கள்ளக்குறிச்சி வரையிலான நிலம் நடுகற்களின் நிலம். போரில் விழுந்தவனுக்குக் கல் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் இதற்கு முறையே வகுத்து வைத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள் இந்த வழக்கம் எத்தனை பழையது என்பதைக் காட்டின. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் செங்கம் வட்டாரத்தில் செய்த ஆய்வு, பல்லவர் கால நடுகற்களைக் கொத்துக்கொத்தாக வெளிக்கொண்டு வந்தது.

அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது? எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் கீழ் இருந்தவன், ஆநிரை கவரப் போனானா, மீட்கப் போனானா, விழுந்தவன் பெயர் என்ன. கடைசியில் ‘பட்டான் கல்’ என்று முடியும்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல்லைப் பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தானே, அதே மகேந்திரன். கல்லில் இருப்பதோ அவன் புகழ் அல்ல. வாணகோ அரசரின் கீழ் இருந்த பொற்றொக்கையார் என்பவரின் வீரன் கருந்தேவகத்தி எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் உயிர்விட்டதை அது சொல்கிறது. அவனோடு இருந்த நாய் கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் சொல்கிறது. நாயின் பெயர் கோவிவன். அதன் உருவமும் கல்லில் இருக்கிறது.

பேரரசர் ஒருவரின் காலத்தில், சிற்றரசன் ஒருவனுக்கும் கீழே இருந்த ஒருவனின் வீரனுக்குப் பெயர் கிடைத்தது. அவன் நாய்க்கும் கிடைத்தது. விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது; அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். ஊர் தனக்காகச் செத்தவனை எழுதி வைத்தது, அவன் வீட்டைப் பார்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட மரபு இருந்த நிலத்திலிருந்து பின்னாளில் படைக்குப் போனவர்கள் பெயரில்லாமல் போனதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

செஞ்சியில் பாரசீக நிழல்

பாரசீகத்துக்கும் நம் மாவட்டத்துக்கும் நேரடித் தொடர்பு வந்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். சத்ரபதி சிவாஜி 1677இல் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் பிறகு அங்கே தஞ்சம் புகுந்தார். அவரைப் பிடிக்க முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் அனுப்பிய படை 1690இல் கோட்டையைச் சூழ்ந்தது. முற்றுகை 1698 வரை நீண்டது.

முற்றுகையிட்ட தளபதி சுல்பிகார் கான் ஈரானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் வந்தவர். அவருக்குக் கீழே வடஇந்தியாவின் புந்தேல்கண்ட் ராஜபுத்திரர்கள் தல்பத் ராவ் புந்தேலாவின் தலைமையில் போரிட்டார்கள். தல்பத் ராவிடம் பணியாற்றிய பீம்சேன் என்பவர் தான் கண்டதையெல்லாம் பாரசீக மொழியில் நினைவுக்குறிப்பாக எழுதினார். ‘நுஸ்கா-இ-தில்குஷா’ என்ற அந்த நூலில் செஞ்சி முற்றுகையும் வருகிறது. ஆக, ஈரானிய வழித் தளபதி, புந்தேலா வீரர்கள், பாரசீக மொழியில் பதிவு, எல்லாம் செஞ்சியின் ராஜகிரி மலையடிவாரத்தில் சேர்ந்தன.

முற்றுகை முடிந்தபின் கோட்டைக்கு அதிகாரியானவர் சொரூப் சிங் என்ற புந்தேலா. அவர் மகன் தேஜ் சிங். தமிழ் நாவில் அவர் தேசிங்கு ராஜன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குத் திறை கட்ட மறுத்து, 1714இல் சிறு படையோடு களத்தில் இறங்கி இளம் வயதில் மாண்டார். எங்கிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளையைத் தமிழ் நாட்டார் பாடல் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. அவர் நண்பன் மோவுத்துக்காரனையும் குதிரையையும் ஊர் ஊராகப் பாடியது. பேரரசின் கணக்கில் கலகக்கார அதிகாரி ஒருவர். செஞ்சிப் பக்கத்து மக்களின் நினைவில் வீரன். பெயரைக் காப்பாற்றும் பழைய குணம் இந்த மண்ணிலிருந்து போய்விடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் தேசிங்கோடு கடைசிவரை நின்ற சாதாரணக் குதிரை வீரர்களைப் பாடலும் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

2025 ஜூலையில் மராத்தியர்களின் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி. மகிழ்ச்சியான செய்தி. கோட்டையை ஆண்டவர்களின் வரிசை எல்லாப் பலகைகளிலும் இருக்கிறது. மலையேறிக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், மதிலில் இரவுக் காவல் நின்றவர்கள் யார் என்ற பக்கமும் அங்கே திறக்கப்பட வேண்டும்.

இரண்டு கொடிகள், ஒரே ஊர்க்காரர்கள்

18ஆம் நூற்றாண்டில் விழுப்புரம் - திண்டிவனம் சாலை பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கும் ஆங்கிலேயர்களின் சென்னைக்கும் கடலூருக்கும் நடுவே இருந்தது. இரு நாட்டு வணிகக் கம்பெனிகளும் இந்தியர்களைச் சிப்பாய்களாகச் சேர்த்து ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தன. முதலில் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1746இல் சென்னையை அவர்களிடம் இழந்தபின் ஆங்கிலேயர்களும் அதே வழிக்கு வந்தார்கள்.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை இரவோடு இரவாகச் செஞ்சிக் கோட்டைக்குள் ஏறியபோது அதில் ஐரோப்பியர்களைவிடச் சிப்பாய்களே பல மடங்கு அதிகம். 1752 ஜூலையில் செஞ்சியைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கில மேஜர் கின்னியர், அது ஆகாத காரியம் என்று கண்டு திரும்பி, விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படையோடு மோதித் தோற்றார். இன்று சுங்கச்சாவடி வரிசையில் வண்டியை நிறுத்தி நாம் காத்திருக்கும் அதே விக்கிரவாண்டிதான். அங்கே இரு பக்கமும் விழுந்த சிப்பாய்களுக்கு ஒரு கல் கிடையாது.

1760 ஜனவரி 22. திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசி. அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக் கனவை முடித்து வைத்த போர் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆங்கிலப் படையில் ஏறக்குறைய 2,000 ஐரோப்பியர்களும் 2,100 சிப்பாய்களும் இருந்தார்கள். லாலியிடமும் சிப்பாய்கள் இருந்தார்கள். அடுத்து, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் நிற்கும் பெருமுக்கல் மலைக்கோட்டை அயர் கூட்டின் கைக்கு வந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, ஏப்ரலில் செஞ்சி. பதினைந்து ஆண்டு இழுபறி முடிந்தபோது வென்ற பக்கமும் நம் ஆட்கள், தோற்ற பக்கமும் நம் ஆட்கள்.

ஏன் போனார்கள்? ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய இந்தக் கர்நாடகப் போர்கள் வயலை மிதித்து அழித்தன. ஏரிகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. உழவும் நெசவும் படுத்த காலத்தில் மாதச் சம்பளம் தரும் வேலை என்றால் படைதான். சம்பளம் நிலுவையானால் ஒரு கொடியை விட்டு இன்னொரு கொடிக்குப் போனவர்களும் உண்டு. அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் காப்பாற்ற வேண்டிய தேசம் என்று அன்று ஒன்று இருக்கவில்லை. காப்பாற்ற வேண்டிய குடும்பம் இருந்தது.

அந்தக் காலத்தைத் தமிழில் பதிந்து வைத்த ஒருவர் நமக்கு உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் ஷேக் ஹசன், அப்துர் ரகுமான் போன்ற சிப்பாய்த் தலைவர்கள் பெயரோடு நடமாடுகிறார்கள். தலைவர்களுக்குக் கிடைத்த அந்தப் பேறு அவர்களுக்குப் பின்னால் துப்பாக்கி தூக்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வந்தவாசி வெற்றிக்கு இரண்டாண்டு கழித்து, 1762இல், ஸ்பானியர்களின் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர்கள் சென்னையிலிருந்து கப்பல்களில் படை அனுப்பினார்கள். பல நூறு சிப்பாய்களும் அதில் போனார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்டா என்ற ஊரில் தங்கி, அங்கேயே மணம் செய்து குடும்பமானார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்று சொல்ல ஏடு இல்லை.

பாஸ்ராவின் கல்

1780இல் சென்னைப் படையில் ‘மெட்ராஸ் பயனியர்ஸ்’ என்ற பிரிவு தொடங்கியது. பாதை போடுவது, பாலம் கட்டுவது, கோட்டை மதிலுக்குக் கீழே சுரங்கம் தோண்டுவது இவர்கள் வேலை. பின்னால் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆகி, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் பொறியாளர் குழுமமாக இருக்கும் படை இதுதான். ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. ஊருக்குள் தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள் பெருமளவில் இதில் சேர்ந்தார்கள். தெருவில் கிடைக்காத மரியாதை சீருடையில் ஓரளவாவது கிடைத்தது.

1857இல் பிரிட்டன் பாரசீகத்தோடு போரிட்டது. அதற்கான ‘பெர்சியா’ என்ற போர்ப்பெருமை மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டியலில் இருக்கிறது. முதல் உலகப் போரில் மறுபடியும் அந்தத் திசையில், இன்றைய இராக்குக்குப் போனார்கள். 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் என்ற இடத்தில் துருக்கியரின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே டைக்ரிஸ் ஆற்றைக் கடந்ததும் பாலம் அமைத்ததும் அந்தப் போர்முனையின் பெரிய சாதனைகள். மெட்ராஸ் சாப்பர்ஸ் அதில் முன்னின்றார்கள். மார்ச் 11 அன்று பாக்தாத் வீழ்ந்தது. இத்தனைக்கும் 1880களில் சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய பிரடெரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற கருத்தைப் பரப்பியவர். அந்தக் கருத்தின் விளைவாகச் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகச் சுருக்கப்பட்டு, 1928க்குள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். அதிகம் பேர் போனது மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு. அங்கே இறந்து, கல்லறை இல்லாமல் போன 40,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் படையினருக்காக பாஸ்ராவில் 1929இல் நினைவுச்சின்னம் திறந்தார்கள். பிரிட்டிஷ் வீரர்கள் அத்தனை பேருக்கும் கல்லில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்திய வீரர்களுக்கு? படைப்பிரிவின் பெயரும், ‘இன்னும் இத்தனை பேர்’ என்ற எண்ணும் மட்டும்.

இது கைத்தவறு அல்ல, கொள்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், பெயரே இல்லாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்றும் அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமே இவர்களில் பெரும்பாலோர்.

நம் ஊர்களிலும் இதே கணக்குதான். ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த கல்வெட்டுகள் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் சுவரில் பதிந்திருக்கின்றன. எண்கள் தெளிவாகத் தெரியும். பெயர்களைத் தேடினால் கிடைக்காது. கருந்தேவகத்தியின் நாய்க்கும் பெயர் எழுதிய நாட்டில், 20ஆம் நூற்றாண்டில் மனிதனை எண்ணிக்கையாக்கிக் கல்லில் ஏற்றினார்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

பெயர்கள் எல்லாம் அழிந்துவிடவில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளில், முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாபியர் ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்கள் ஊர்வாரியாக இருந்தன. பிரிட்டனில் வாழும் பஞ்சாபி ஆர்வலர்களும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021 முதல் அவற்றை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். பேரன் பேத்திகள் தங்கள் ஊர்ப் பெயரை இட்டுத் தாத்தாவைத் தேடுகிறார்கள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு முயற்சியை அரசும் பல்கலைக்கழகங்களும் தொடங்க வேண்டும். சென்னையில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் பொறியாளர் குழுமத்தின் ஆவணங்களும் அதற்குத் தொடக்கப் புள்ளிகள்.

அதற்கு முன்பே வீடுகளில் தொடங்கலாம். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். பேரரசு நினைவுச்சின்னத்தில் எழுத மறுத்த பெயர் பதக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் பழைய குடும்பங்கள் தங்கள் டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். எடைக்குப் போடுவதற்கு முன் விளிம்பைப் படிக்கட்டும். பள்ளி வரலாற்று ஆசிரியர்கள் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பலாம்.

கிடைத்த பெயர்களைக் கிராம சபையில் தீர்மானமாக ஏற்றி, ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி, ஊருக்குள் ஒரு கல்லில் தமிழில் பொறிக்க வேண்டும். யாருடைய கொடியின் கீழ் போனான் என்பது அவன் குற்றமல்ல. போனவன் நம் ஊர்க்காரன். அவன் பெயரை எழுத லண்டனிலிருந்து உத்தரவு வரத் தேவையில்லை. ஊர் கூடி முடிவெடுத்தால் போதும். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே அதைச் செய்யலாம்.